பத்து டிக்

ஷஹீமாவுக்குக் காலில் சக்கரம். ஆனால் அந்தச் சக்கரம் ஏழு வருஷமாக உருண்டதெல்லாம், டெக்சாஸில் ஆலன் என்கிற ஊரில், அவள் வீட்டுக்கும் நூலகத்துக்கும் நடுவிலிருந்த இரண்டரை மைலில்தான். கணவன் ஜாவித்தின் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்த விசா அவளுடையது. இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது.

வேலை பார்க்கத்தானே கூடாது, படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நூலகத்தில் பயணப் புத்தகங்கள் இருந்த அலமாரியை மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை தின்று தீர்த்தாள். பனிக்கடலில் மாட்டிய கப்பல், பாலைவனத்தில் வழி தவறிய ஒட்டகக் கூட்டம், மலை உச்சியில் விரலை இழந்தவன் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. உட்கார்ந்து படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அடுப்பின் முன் நின்றபடி, குக்கர் நாலு விசில் அடிப்பதற்குள் ஒருத்தனை மலையிலிருந்து உயிரோடு இறக்கிவிடுவாள். தெற்குக் கடலில் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டால் சொல்வாள். ஆனால் காரை ஃப்ரீவேயில் ஏற்றச் சொன்னால் சாவியை ஜாவித்திடம் நீட்டிவிடுவாள்.

ஜாவித் நல்லவன்தான். ஆனால் பயணம் என்றால் அவனுக்கு முதலில் ஓட்டல் ரிசர்வேஷன், அடுத்து ஜிபிஎஸ் பெட்டி, கடைசியாக ஹலால் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று மூன்று பக்கத்துக்குப் பிரிண்ட் அவுட். மகள் இஸ்ரத் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். தாய் ஜன்னலோரம் வந்து நிற்பதும் போவதுமாக இருப்பதைப் பார்த்து, "உம்மா, யூ ஆர் மேக்கிங் மீ டிஸ்ஸி" என்பாள்.

"இவ்வளவு படிச்சு என்ன புள்ள பண்ணப் போற? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது" என்று ஒருநாள் ஜாவித் கேலி பண்ணினான்.

"சுரைக்காய் இந்தியன் ஸ்டோர்லயே கிடைக்குது மச்சான். எனக்குப் பசி அது இல்ல" என்றாள்.

பசி என்னவென்று அவளுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் பி.எட் முடித்தவள். படிப்பின் நடுவில் இரண்டு மாதம் மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாற்பத்தாறு பிள்ளைகள் முன்னால் நின்று பாடத்தை ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு மாதமும் அவள் கால் ஓரிடத்தில் நின்றது. ரிசல்ட் வந்த வாரமே நிக்காஹ், அடுத்த மாதம் விமானம். கப்பலில் போவதற்கு ஜாவித் ஒருநாளும் சம்மதிக்கப் போவதில்லை. டீச்சர் ஆவதற்குச் சம்மதிப்பான். அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பயணம்தான்.

2007 ஜூலையில் கிரீன் கார்டு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் திடீரென்று கதவு திறந்தது. வக்கீல், போட்டோ, தடுப்பூசி என்று ஊரே ஓடியது. அக்டோபரில் ஷஹீமாவின் கைக்கு வேலை பார்க்கும் அட்டை வந்தது. அன்று மாலையே சர்டிபிகேட் கோர்ஸுக்கு அப்ளை பண்ணிவிட்டாள். அடுத்த ஜனவரியில் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். வகுப்பு மிஸஸ் கார்வருடையது. ஷஹீமா அவருக்குக் கீழே நின்று கற்றுக்கொள்ள வேண்டும். கோர்ஸிலிருந்து ஒரு சூப்பர்வைசர் மூன்று முறை வந்து, அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். மூன்றிலும் தேறினால் ஆகஸ்டில் சொந்த வகுப்பு. நாலாம் வகுப்பில் ஓர் இடம் காலியாகிறது என்று பிரின்சிபாலே ஜாடையாகச் சொல்லியிருந்தார். இரண்டு முறை தேறிவிட்டாள். பாக்கி ஒன்று.

வகுப்பறைதான் அவள் நினைத்த மாதிரி இல்லை. எல்லாவற்றுக்கும் மணி, எல்லாவற்றுக்கும் தாள். காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஆறு மாதம் முன்பே அச்சடிக்கப்பட்டிருந்தது. பாத்ரூமுக்குக்கூட வரிசை. மார்ச் முதல் வாரத்தில் மாநிலம் நடத்தும் வாசிப்புப் பரீட்சை வருகிறது, அதில் தேறாத பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போக முடியாது என்பதால் மிஸஸ் கார்வர் எதையும் தற்செயலுக்கு விடுவதில்லை. ஷஹீமாவுக்கு மூச்சு முட்டியது. பிள்ளைகளுக்கு நடுவில் சும்மா நடந்துகொண்டே இருந்தாள்.

வாசிப்பில் பின்தங்கிய நாலு பேரை அவளிடம் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி கேயிலா. வயது ஒன்பது. தாய் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் பார்ப்பவள். கேயிலா ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுச் சொல்லிவிட்டு, சரிதானா என்று எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். எதிர்முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும்.

பயிற்சித் தாளை ஒரு வாரம் பொறுத்துக்கொண்ட ஷஹீமா, இரண்டாம் வாரம் அதைக் கவிழ்த்து வைத்தாள். தினம் பத்து நிமிடம், பனியில் மாட்டிய ஒரு கப்பலின் கதையைச் சொன்னாள். பனி நெருக்கி நெருக்கிக் கப்பலின் விலா முறிகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். மீதி வேண்டுமென்றால் புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லி, நூலகத்தில் சிறுவர் பகுதியிலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை மேசையில் போட்டாள். மற்ற மூவரும் படம் பார்த்தார்கள். கேயிலா வீட்டுக்குக் கொண்டுபோனாள். பிறகு மதிய உணவுக்குக் கொண்டுபோனாள், பஸ்ஸுக்குக் கொண்டுபோனாள். ஐந்து வாரத்தில் முகம் பார்க்கிற பழக்கம் போய்விட்டது. ஷஹீமா வீட்டில் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும்போதுகூட அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசினாள். இஸ்ரத்துக்குப் பொறாமையே வந்துவிட்டது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மிஸஸ் கார்வருக்கு ஜூரி டியூட்டி வந்தது. வழக்கு கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஊர்மக்களில் சிலரை முறைபோட்டுக் கோர்ட் கூப்பிடும், கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். இரண்டு நாளைக்குப் பதில் டீச்சர் ஒருவரை ஏற்பாடு பண்ணிவிட்டு, ஷஹீமாவுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துப் போனார். பயிற்சித் தேர்வு வைக்கவும், பத்துக் கேள்வி, தாள்களை 'செக்' பண்ணி வெள்ளிக்கிழமை ஃபோல்டரில் வைத்து வீட்டுக்கு அனுப்பவும், மார்க் போட வேண்டாம்.

ஷஹீமா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதே பெரிய செய்தி. இருபத்திரண்டு தாளையும் ஒரு மூச்சில் திருத்தினாள். சரியான விடைக்கு டிக், தப்புக்கு இன்ட்டு. நம் பள்ளிக்கூடத்தில் வேறெப்படித் திருத்துவார்கள்? கேயிலாவின் தாள் பதினேழாவது. முதல் விடை சரி, இரண்டாவது சரி. ஆறாவதற்கு வரும்போது அவளுக்குக் கை பரபரத்தது. பத்தாவதும் சரி. பத்து டிக்கையும் வால் நீட்டி நீட்டி, மேலப்பாளையத்து டீச்சர்மார் போடுகிற மாதிரி போட்டிருந்தாள். அந்தத் தாளை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபோல்டரில் வைத்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து ஜாவித்திடம், தான் டீச்சர் ஆகிவிட்டதாகவே அறிவித்தாள்.

திங்கட்கிழமை காலையில் மிஸஸ் கார்வரின் கம்ப்யூட்டரில் பதினொரு மெயில் காத்திருந்தன. என் பிள்ளை எப்படி எல்லாவற்றையும் தப்பாக எழுதும், இத்தனை நாள் நீங்கள் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று பதினொரு பெற்றோர் பதினொரு விதமாகக் கேட்டிருந்தார்கள். மிஸஸ் கார்வர் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். ஷஹீமாவைக் கூப்பிட்டு, சரியான விடைகளுக்கெல்லாம் ஏன் தப்பு போட்டாய் என்று கேட்டார்.

தப்பு எங்கே போட்டேன், ரைட்தானே போட்டேன் என்றாள் ஷஹீமா. ஒரே தாளில் ஒரே விடையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுட்டிக்காட்டினார்கள். பிறகு மிஸஸ் கார்வருக்குப் புரிந்தது. அவர் வகுப்பில் டிக் என்றால் தப்பு. தப்பான விடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு டிக் விழும், சரியானதை அப்படியே விட்டுவிடுவார். இன்ட்டு போட்டாலும் தப்புதான். ஆக, பிள்ளைகளின் கண்ணுக்கு இருபத்திரண்டு பேரும் பூஜ்யம். மிஸஸ் கார்வர் தாளால் முகத்தை மூடிக்கொண்டு கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். ஷஹீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வாரம் இந்த அறையில் இருந்தும், சுவரில் தொங்கிய தாள்களில் டிக் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்காமல் விட்டோமே என்று உடம்பு கூசியது.

மிஸஸ் கார்வர் காரியக்காரி. பத்து நிமிடத்தில் விஷயத்தை முடித்தார். தாள் தவறாகத் திருத்தப்பட்டது, பொருட்படுத்த வேண்டாம் என்று வீடுகளுக்கு ஒரு வரிக் குறிப்பு. பிள்ளைகளிடம், அது கணக்கில் இல்லை என்று ஓர் அறிவிப்பு. தாள்களைத் திரும்ப வாங்கி மேசை டிராயரில் போட்டார். பிறகு ஷஹீமாவிடம் தணிந்த குரலில், புதன்கிழமை சூப்பர்வைசர் மூன்றாவது முறையாக வருகிறார், இந்தப் பேச்சையே எடுக்காதே, கொடுத்திருக்கிற பாடத் திட்டத்தை வரிக்கு வரி நடத்து, ஆகஸ்டில் உனக்கு வகுப்பு நிச்சயம் என்றார். நல்ல மனசோடு சொன்ன நல்ல புத்திதான் அது.

ஆனால் அன்று வாசிப்பு நேரத்தில் கேயிலா மேசைக்கு வரவில்லை. கப்பல் புத்தகம் வகுப்பின் அலமாரியில் இருந்தது. மெயில் அனுப்பிய பதினொரு பேரில் அவள் தாய் இல்லை. ஃபோல்டரில் கையெழுத்துப் போட்டு, கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒழுங்காகப் பயிற்சித் தாளைப் படி என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தாள். மற்ற வீடுகளில் பூஜ்யத்தை நம்பவில்லை. அந்த வீட்டில் தாயும் நம்பினாள், மகளும் நம்பினாள்.

ஷஹீமா அவள் இருக்கைக்குப் போய்க் குனிந்து, உனக்குப் பத்துக்குப் பத்து, எல்லாமே சரி என்று சொன்னாள். கேயிலா கோபப்படவில்லை. பெரிய மனுஷி மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பரவாயில்ல, நீங்க நல்லவிதமா சொல்லணும்னு இல்ல. எனக்குப் பழக்கம்தான்."

ஷஹீமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இதுவரை வந்த டீச்சர் ஒவ்வொருத்தரும் அந்தப் பிள்ளையிடம் நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நல்லவிதமாகச் சொல்வதற்கு அவளிடம் மதிப்பே இல்லை.

செவ்வாய் சாயங்காலம் ஜாவித்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லும்போதே அடுப்புக்கும் ஹாலுக்கும் பத்து தடவை நடந்தாள். ஜாவித் டீயை ஆற்றியபடி கேட்டான். கடைசியில், "நாளைக்கு ஒரு முக்கால் மணி நேரம். பிளானை ஃபாலோ பண்ணிரு. ஆகஸ்ட்ல உனக்குன்னு கிளாஸ் வந்ததும் இப்படி நூறு புள்ளைங்களைப் பாத்துக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பரீட்சைக்கு எட்டு நாள்தான் பாக்கி. இப்படியே போய் அந்தப் பிள்ளை பரீட்சைத் தாளைத் திறந்தால், முதல் கேள்வியிலேயே வாய் பூட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை சூப்பர்வைசர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை விரித்துக்கொண்டார். மிஸஸ் கார்வர் பக்கத்தில். ஷஹீமா போர்டில் பாடத்தின் நோக்கத்தை எழுதினாள். பத்தியின் மையக் கருத்தைக் கண்டுபிடிப்பது எப்படி. முதல் ஐந்து நிமிடம் எல்லாம் எழுதிவைத்த வரிப்படி நடந்தது. சூப்பர்வைசரின் பேனாவும் திருப்தியாக ஓடியது. ஆறாவது நிமிடம் ஷஹீமா வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். கைகள் உயர்ந்தன. கேயிலா ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஷஹீமா நிறுத்தினாள். எத்தனையோ பேர் படகிலிருந்து பனியில் காலை வைக்கிற இடத்தை மணிக்கணக்கில் படித்திருக்கிறாள். அந்த முதல் அடியை எப்படி எடுத்து வைப்பது என்று ஒரு புத்தகமும் சொன்னதில்லை.

நேராக மிஸஸ் கார்வரின் மேசைக்குப் போய் டிராயரைத் திறந்தாள். மிஸஸ் கார்வர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். ஷஹீமா இருபத்திரண்டு தாளையும் எடுத்து விநியோகம் பண்ணினாள். போர்டில் பெரிதாக ஒரு டிக் போட்டு, இது என்ன என்று கேட்டாள். தப்பு என்றது வகுப்பு. பக்கத்தில் ஓர் இன்ட்டு போட்டாள். அதுவும் தப்பு என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

தன் ஊரில் இந்த இரண்டில் ஒன்றுக்கு அர்த்தம் வேறு என்றும், இங்கே அதைத் தெரிந்துகொள்ளாமல் போன வாரம் தாள் திருத்தியது தன் பிழை என்றும் சொன்னாள். எதற்கு என்ன அர்த்தம் என்பதைத் தான் சொல்லப் போவதில்லை. என் வார்த்தையை யாரும் நம்ப வேண்டாம், பத்தியைப் படித்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்றாள்.

மையக் கருத்து காற்றில் போயிற்று. முதல் கேள்விக்கே வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பத்தியிலிருந்து வரியைக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வோம் என்று அவர்களே சட்டம் போட்டார்கள். விடை 'பி' என்று முடிவானதும், 'பி' எழுதிய தாள்களிலெல்லாம் டிக் இருப்பதை ஒருவன் கண்டுபிடித்தான். மூன்றாவது கேள்விக்குள் எல்லோருக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. நாலாவதில் கேயிலாவின் விரல்கள் ஸ்வெட்டரிலிருந்து வெளியே வந்தன. ஏழாவது கேள்வி கஷ்டமானது. அதில் டிக் வாங்கியவர்கள் இரண்டே பேர். எப்படி என்று முன்வரிசைக்காரன் திரும்பிக் கேட்டான். கேயிலா பத்தியில் அந்த வரியைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தாள். வாசித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள். மேலிருந்து கீழே எண்ணினாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"சரியா இருந்தா அப்புறம் எதுக்கு அதுல குறி போட்டீங்க?"

ஷஹீமா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சரியாக இருந்தால் ஒன்றும் போடாமல் விடலாம் என்பது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"நான் அதைப் பாத்தேன்னு உனக்குத் தெரியணுமே, அதுக்குத்தான்" என்றாள்.

மணி அடித்தது. நடைபாதையில் சூப்பர்வைசர் அவளைத் தனியே கூப்பிட்டார். கடுமையாக எதுவும் சொல்லவில்லை. கொடுத்த திட்டத்திலுள்ள பாடத்தை நடத்தினால்தான் தன்னால் மதிப்பெண் போட முடியும், நடந்தது அந்தப் பாடம் இல்லை, இந்த அரையாண்டில் இன்னொரு முறை வரத் தேதியும் இல்லை என்றார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகுதான் மறுபடி பயிற்சி. அதாவது ஆகஸ்ட் இல்லை. நாலாம் வகுப்பு வேறு யாருக்கோ. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் விதியைத் திட்டலாம். இங்கே உடைத்தவள் அவளேதான். ஊழியர் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழு வருஷம் காத்திருந்ததற்கு இன்னும் ஓர் அரை வருஷம் என்று யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால் கடித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜாவித்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். கணக்குப் போட்டு ஏதாவது சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அந்தப் புள்ள வாசிச்சுச்சா?" என்று கேட்டான்.

"வாசிச்சா மச்சான்."

"சரி" என்று எழுந்து போய், அன்று இரவு தோசையை அவனே சுட்டான். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு பயிற்சித் தேர்வு. எழுதி முடித்த பிள்ளைகள் தாளை மிஸஸ் கார்வரின் கூடையில் போட்டார்கள். கேயிலா கூடையைத் தாண்டி ஷஹீமாவின் மேசைக்கு வந்து தாளை வைத்தாள். இங்கேயே, இப்போதே, உங்கள் ஊர் மாதிரி திருத்துங்கள் என்றாள். ஷஹீமா மிஸஸ் கார்வரைப் பார்த்தாள். அவர் வேறெதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

ஷஹீமா சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதலாவது டிக். இரண்டாவது டிக். ஆறாவது விடை தப்பு. கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஆயிரம் மைல் தூரம் கூட்டிவந்த பிள்ளையை இங்கே தொலைத்துவிடுவோமா என்று பயந்தாள். தாண்டிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். பிறகு இன்ட்டு போட்டாள். மிச்சம் நாலுக்கும் டிக் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

கேயிலா வெகுநேரம் அந்த இன்ட்டைப் பார்த்தாள். வாய் பூட்டிக்கொள்ளவில்லை.

"அது ஒண்ணு மட்டும்தானா?"

"அது ஒண்ணு மட்டும்தான்."

கேயிலா ஒரு நாற்காலியை இழுத்து, ஷஹீமாவின் நாற்காலியை இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். பத்தியை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.